வீரை மரத்தடி மண்

சித்தப்பாவின் மகன் ஊரிலிருந்து வாட்ஸ்அப்பில் எடுத்து "சும்மாதான் அண்ணை எடுத்தனான்" என்று தொடங்கினால், நான் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிடுவேன். சும்மா எடுக்கிறவன் சும்மா என்று சொல்லமாட்டான். வீட்டில் அவனைச் சின்னவன் என்றுதான் கூப்பிடுவோம். நாற்பது தாண்டி, இரண்டு பெண் பிள்ளைகளுக்குத் தகப்பனாகி, முன்மண்டையில் மயிரும் இல்லாமல் போய்விட்டது. ஆனாலும் அவன் சின்னவன்தான்.

அன்றைக்கு நான் இருக்கும் தென்லண்டன் மிச்சம் பகுதியில் விடாத மழை. பெற்றோல் நிலையத்தில் காலை ஷிப்டை முடித்து வந்து தேத்தண்ணீர் போட்டுக்கொண்டிருந்தேன். சின்னவன் மழையைப் பற்றிக் கேட்டான், என் முழங்கால் நோவைப் பற்றிக் கேட்டான், மெல்ல விஷயத்துக்கு வந்தான்.

"அண்ணை, அக்காவின்ர காணிக்குப் பக்கத்தில வன இலாகாக்காரர் எல்லைக் கல்லுப் போட்டுக்கொண்டு வாறாங்கள். கல்லுக்கு அங்கால எல்லாம் இனிக் காடாம், ஒருத்தரும் கை வைக்க ஏலாதாம். இந்த மாரிக்கு முதல் வெட்டித் துப்புரவாக்கி ஏதாவது விதைச்சால்தான் காணி நிக்கும். இல்லாட்டிப் போச்சு."

"என்னத்தை விதைக்கப்போறாய்?"

"சோயா. கொம்பனிக்காரர் விதை தருவாங்கள், விளைஞ்சதை அவங்களே வந்து எடுப்பாங்கள். நெல்லு மாதிரித் தண்ணி கேக்காது. எனக்கும் ஒரு வழி வரும் அண்ணை. எத்தினை நாளைக்கு மற்றவன்ர ட்ராக்டருக்குப் பின்னால கூலிக்கு ஓடுறது?"

எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் வீட்டில் சோயா என்றால் வெள்ளிக்கிழமைகளில் இறைச்சி இல்லாத கவலையை ஆற்றிக்கொள்ள மூலைக்கடையில் வாங்கும் பக்கெற் சோயா மீற். அது மண்ணில் முளைக்கிற சாமான் என்று நான் யோசித்ததே இல்லை. சிரித்தேனே தவிர, சரி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அக்காவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அக்காவின் காணி வன்னியில், பெரிய ரோட்டிலிருந்து உள்ளே போகும் செம்மண் பாதையின் கடைசியில் இருந்தது. மூன்று ஏக்கர். அவளுடைய கலியாணத்துக்குச் சீதனமாக எழுதிக்கொடுத்தது. அத்தான் அதில் கச்சானும் உளுந்தும் போட்டார். கிணற்றடியில் கொஞ்சம் மிளகாய். பின் எல்லையில் மட்டும் காற்றுக்கு மறைப்பாகப் பழைய மரங்களை விட்டிருந்தார். யுத்தத்தில் எல்லோரும் எழும்பி ஓடியபிறகு அந்தப் பின் எல்லை மெல்ல மெல்ல முன்னுக்கு வந்தது. முதலில் பற்றை வந்தது. பற்றைக்குள் நாவலும் முதிரையும் வீரையும் முளைத்து எழும்பின. கிணறு எங்கே என்று தெரியாமல் போனது. யுத்தம் முடிந்து ஊருக்குத் திரும்பிய சின்னவன் முதன்முதல் எனக்கு அனுப்பிய படத்தில் காணி என்று ஒன்று இல்லை, காடுதான் இருந்தது. கல் போடுகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் வந்தது உண்மைதான். ஆனால் அவர்கள் வந்து பார்த்தபோது காடு நின்றால் அதைக் காடு என்று எழுதாமல் வேறு என்னவென்று எழுதுவார்கள்?

அந்தக் காட்டுக்குள் அக்காவின் பிள்ளை கிடந்தான்.

ஐந்து மாதப் பிள்ளை. காய்ச்சல் வந்தது. சண்டைக் காலம், பாதை பூட்டியிருந்தது, ஷெல் விழுந்துகொண்டிருந்தது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழியில்லை. விடியும்போது பிள்ளை இல்லை. பல் முளைக்காத பிள்ளையை எங்களில் எரிப்பதில்லை, மண்ணில் தாழ்ப்பதுதான். மயானமோ பாதைக்கு அந்தப் பக்கம். அத்தானும் நானும் பின் எல்லையில் ஒரு வீரை மரத்தடியில் கிடங்கு வெட்டினோம். எனக்கு அப்போது மீசை ஒழுங்காக வளராத வயது. அத்தானின் வெள்ளை வேட்டியில் சுற்றி அவனை வைத்தோம். கல் வைக்கவில்லை. அடையாளம் ஒன்றும் வைக்கவில்லை. இவ்வளவு சின்னப் பிள்ளைக்கு முப்பத்தோராம் நாள் அந்திரட்டியும் இல்லை, ஆண்டுத் துவசமும் இல்லை. இடத்தைத் தாய்க்குச் சொல்வதும் இல்லை. தெரிந்தால் அங்கேயே போய்க் குந்தியிருந்து அழுவாள், அடுத்த பிள்ளை தங்காது என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். மண்ணை மட்டமாக்கி, சருகை அள்ளிப் பரப்பி, கிணற்றில் குளித்துவிட்டு வீட்டுக்குள் போனோம். அக்கா ஒன்றும் கேட்கவில்லை. எங்கள் ஈரத் தலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த பிள்ளை வரவில்லை. அதற்கு அவகாசம் இருக்கவில்லை. பிறகு வந்த ஓட்டத்தில் அத்தானும் போய்விட்டார். அக்கா எப்படியோ லண்டனுக்கு வந்து சேர்ந்து, இப்போது நகரத்தின் வடக்கு மூலையில் எட்மண்டனில் தனியாக இருக்கிறாள். ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. பிள்ளை எங்கே கிடக்கிறான் என்று தெரிந்த ஆள் நான் ஒருவன்தான் மிச்சம். காணியை வெட்டினால் அந்த இடமும் போகும், வெட்டாவிட்டால் காணி போகும். இதைப் போனில் சொல்ல ஏலாது என்று அவளிடம் நேரே கிளம்பினேன்.

மிச்சத்திலிருந்து எட்மண்டனுக்குப் போவது ஊரில் ஒரு மாவட்டத்தைத் தாண்டுவது மாதிரி. ட்ராம், ரயில், பிறகு பஸ். வழி முழுக்க எப்படித் தொடங்கலாம் என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். ஒன்றும் தேவைப்படவில்லை. சின்னவன் எனக்கு முதலே அக்காவுக்கு எடுத்து எல்லாவற்றையும் ஒப்புவித்திருந்தான். அவனுடைய வாய்க்குப் பூட்டும் இல்லை, கதவும் இல்லை.

அக்கா சோறு போட்டாள். கத்தரிக்காய்க் குழம்பும் பருப்பும். நான் இரண்டு வாய் சாப்பிட்டபிறகுதான் கேட்டாள்.

"எந்தப் பக்கம்?"

என்ன எந்தப் பக்கம் என்று நான் கேட்கவில்லை. இத்தனை வருடத்தில் அவள் ஒருநாளும் கேட்காதது, நான் சொல்லாதது.

"பின் எல்லை, அக்கா. கிணத்தடியில நிண்டு பாத்தால் இடக்கைப் பக்கம். ஒரு பெரிய வீரை நிண்டதெல்லோ, அடியிலேயே ரெண்டாப் பிரிஞ்சு போன மரம்."

"அதுக்குக் கீழயோ?"

"ஓம்."

அவள் என் சோற்றுக் கோப்பைக்கு இன்னொரு கரண்டி குழம்பு விட்டாள்.

"நான் அந்த மரத்தடியில விறகு பொறுக்கினனான்," என்றாள். "பிறகும் பொறுக்கினனான். எத்தினை தரம்."

நான் என் மனதில் இருந்ததைச் சொன்னேன். காணியைக் கல்லுக்குள் விட்டுவிட்டால் ஒருவரும் அங்கே மண்வெட்டி போடமாட்டார்கள், காடு அவனை வைத்துப் பார்த்துக்கொள்ளும், அவன் நிம்மதியாகக் கிடப்பான் என்றேன். எனக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. அக்கா இல்லை என்று தலையை ஆட்டினாள்.

"காடு எண்டு எழுதிப்போட்டால் நான் உள்ளுக்குப் போக ஏலாது. இப்பதானே இடம் தெரிஞ்சது. ஒருக்காப் போய்ப் பாக்கோணும் எண்டு இருக்கு." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "சின்னவனுக்கும் கரை சேர்க்க ரெண்டு குமர் இருக்கு," என்றாள். "வெட்டட்டும். அந்த மரத்தையும் மரத்தடியையும் மட்டும் விடச் சொல்லு."

ஏன் விட வேண்டும் என்று அவன் கேட்டால் என்ன சொல்வது? உண்மையைச் சொல்ல முடியாது. பிள்ளை தாட்ட காணி என்று தெரிந்தால் கூலிக்கு ஆட்கள் வரமாட்டார்கள். அவனுடைய மனைவி பிள்ளைகளை அந்தப் பக்கம் விடமாட்டாள். விதைக்கிற எண்ணத்தையே அவன் விட்டுவிடுவான், கல்லும் வந்துவிடும். இரண்டு பேரும் சாப்பாட்டு மேசையில் இருந்து மண்டையைப் பிய்த்தோம். வழி அக்காவுக்குத்தான் பிடிபட்டது.

"வைரவர் எண்டு சொல்லு. அத்தான் அந்த மரத்தடியில சூலம் வைச்சுக் கும்பிட்டவர் எண்டு சொல்லு. வைரவர் எண்டால் அவன் கிட்டவும் போகமாட்டான்."

அத்தான் கோயில் பக்கம் தலைவைத்தும் படுக்காத மனுசன். திருவிழாவுக்குப் போனாலும் கடலை வாங்கத்தான் போவார். அவரை வைரவர் பக்தராக்கியதை நினைத்து நான் சிரித்தேன், அக்காவும் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துப் பார்த்து நெடுநாளாகியிருந்தது. அங்கிருந்தே சின்னவனுக்கு எடுத்துச் சொன்னோம். "அப்பிடியோ, எனக்குத் தெரியாமல் போச்சே," என்று அவன் பயபக்தியோடு சொன்னது எங்கள் இருவருக்கும் நிம்மதியாக இருந்தது.

காடு வெட்டிய அன்று சனிக்கிழமை. அக்கா கைபேசியைச் சீனி டின்னில் சாய்த்துவைத்தாள். ஊரில் பின்னேரம், எங்களுக்கு அப்போதுதான் காலைச் சாப்பாட்டு நேரம். மண் வெட்டவும் மரம் தள்ளவும் ஒரு பெக்கோ வந்து நின்றது. மஞ்சள் நிறம், பெரிய கை. நான் நினைத்திருந்தது போலக் கோடரியும் வாளும் இல்லை. அது மரத்தின் தோளில் கையை வைத்துத் தள்ளியது, மரம் வேரோடு எழும்பி விழுந்தது. அவ்வளவுதான். முதிரை ஒன்று விழும்போது சத்தம் கைபேசிக்குள் அடங்காமல் கரகரவென்று உடைந்தது. கொக்கோ கொட்டைப்பாக்கானோ, ஏதோ பறவைகள் கூட்டமாக எழும்பி அதே இடத்தைச் சுற்றின. குரங்கொன்று குட்டியை வயிற்றில் ஒட்டவைத்துக்கொண்டு பாதையைக் கடந்து ஓடியதைச் சின்னவன் சிரித்துக்கொண்டே படம் பிடித்துக் காட்டினான்.

அக்கா அதைப் பார்த்து முகத்தைத் திருப்பினாள். "எத்தினை வருசம் அதுகள்தானே அவனோட இருந்ததுகள்," என்றாள். எனக்கு அந்த நிமிடம் நிறுத்தச் சொல்லிக் கத்தவேண்டும் போல இருந்தது. ஏன் கத்தவில்லை என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

சின்னவன் கைபேசியை உயர்த்திச் சுற்றிக் காட்டினான். அடுத்த காணியும் வெளி. அதற்கடுத்ததும் வெளி. அங்கே ஒருவர் சோளம், இங்கே ஒருவர் சோயா. கல்லுக்குப் பயந்து ஒவ்வொருவரும் தங்கள் தங்கள் இரண்டு மூன்று ஏக்கரைத்தான் வெட்டினார்கள். யாரைக் கேட்டாலும் தான் காட்டை அழித்ததாகச் சொல்லமாட்டார்கள். தன் காணியைத் துப்புரவாக்கினேன் என்றுதான் சொல்வார்கள். நாங்களும் அப்படித்தான் சொன்னோம்.

எல்லாம் விழுந்து முடிந்த வெளியில் வீரை மட்டும் நின்றது. அடியில் இரண்டாகப் பிரிந்து, நான் நினைத்திருந்ததைவிட உயரமாக. அக்கா கைபேசியைக் கையில் எடுத்து முகத்துக்குக் கிட்டப் பிடித்தாள்.

"கிட்டப் போ தம்பி. கீழ காட்டு."

சருகும் நிழலும் தெரிந்தன. அவள் அதை நெடுநேரம் பார்த்தாள். மார்கழி விடுமுறையில் டிக்கெட் விலை எப்படி இருக்கும் என்று அன்றைக்கே என்னிடம் கேட்டாள். பள்ளிக்கூடத்தில் லீவு கேட்கவேண்டும், மூட்டுவலிக்கு மருந்து கூடுதலாக எடுத்துவைக்கவேண்டும் என்றெல்லாம் திட்டம் போட்டாள். நான் திரும்பிப் போகும்போது பஸ் தரிப்பிடம் வரைக்கும் கதைத்துக்கொண்டே வந்தாள்.

அடுத்த ஞாயிறும் நான் எட்மண்டனில்தான். அந்த மாதம் அங்கேயே குடிபோனவன் மாதிரி இருந்தேன். மத்தியானம் சின்னவன் எடுத்தான். குளித்து, திருநீறு பூசி, மேல்சட்டை இல்லாமல் நின்றான்.

"அக்கா, உங்களுக்கு ஒரு சந்தோசமான சங்கதி," என்று கைபேசியைத் திருப்பினான்.

வீரை மரத்தடியில் சதுரமாக ஒரு சீமெந்து மேடை. மேடையில் புதுச் சூலம், அதில் சிவப்புத் துணி, எலுமிச்சம்பழம். கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது.

"அத்தான் கும்பிட்ட வைரவரை வெறும் மண்ணில விடுறதோ? பெக்கோ நிண்ட நேரத்தோட நேரமா அத்திவாரத்தையும் வெட்டிப்போட்டன். நல்ல ஆழம். இனி வெள்ளம் வந்தாலும் அசையாது."

நான் அக்காவைப் பார்க்கவில்லை. பார்க்கப் பயமாக இருந்தது. அவளுடைய குரல் மட்டும் கேட்டது.

"வெட்டின மண் எங்கை தம்பி?"

"அதையேன் கேக்கிறியள்! கறுத்த மண் அக்கா, வருசக்கணக்காச் சருகு உக்கின மண். பசளை காசுக்கு வாங்கினாலும் இப்பிடி வராது. வீணாக்குவனே? காணி முழுக்கப் பரவிப்போட்டன். சோயா எப்பிடி எழும்புது எண்டு பாருங்கோ."

"மண்ணுக்கை ஏதும் கிடந்ததோ?"

"வேர்தான். ஏன் அக்கா, இடம்பெயரேக்கை நகை கிகை தாட்டு வைச்சனீங்களோ?" என்று அவன் சிரித்தான். அந்த நாட்களில் ஓடும்போது எத்தனையோ பேர் அப்படித் தாட்டுவிட்டுத்தான் ஓடினார்கள். அவன் கேட்டதில் ஒரு பிழையும் இல்லை.

"இல்லை தம்பி. ஒண்டும் வைக்கேல்லை," என்றாள் அக்கா. "நல்ல காரியம் செய்திருக்கிறாய்."

கைபேசியை வைத்ததும் நான் வெடித்தேன். இவனை யார் அத்திவாரம் வெட்டச் சொன்னது, தொடாதே என்றால் தொடாமல் இருக்கத் தெரியாதா, மூளை இருக்கிறதா என்று வாயில் வந்தபடி ஏசினேன். ஏச ஏச எனக்கே அழுகை வந்துவிட்டது. நான் குழந்தையை இறக்கிவைத்த கிடங்கு அது. என் கையால் மூடிய மண்.

"கத்தாதை," என்றாள் அக்கா. "வைரவர் எண்டு சொன்னது நான்தானே. வைரவருக்குச் செய்யிறதைத்தானே அவன் செய்தவன்."

அவள் அழவில்லை. சிங்க்கில் கிடந்த பாத்திரங்களைக் கழுவினாள். கழுவி வைத்திருந்ததையும் எடுத்து இன்னொரு தரம் கழுவினாள். டிக்கெட்டைப் பற்றி அதன்பிறகு கதை எடுக்கவில்லை.

மழை நேரத்துக்குப் பெய்தது. சோயா முளைத்தது. சின்னவன் இரண்டொரு நாளைக்கு ஒருதரம் படம் அனுப்பினான். முதலில் இரண்டு இலை, பிறகு முழங்கால் உயரம், பிறகு வெளி முழுக்கப் பச்சை. அக்கா அந்தப் படங்களை விரலால் பெருப்பித்து ஒரு மூலையிலிருந்து மறுமூலை வரைக்கும் பார்ப்பாள். முந்தி மரத்தடியை மட்டும் தேடியவள். வீரை மரம் இலை கொட்டத் தொடங்கியது. அத்திவாரம் வெட்டும்போது வேர் அறுந்திருக்கும், துணைக்கு நின்ற மரங்களும் இல்லை, காற்று நேரே அடித்தது. வைரவருக்குக் கோபமோ என்று சின்னவன் பயந்து பொங்கல் வைத்தான். கிணற்றுத் தண்ணீரும் முந்திய மாதிரி இல்லை, வெயில் ஏறினால் கீழே போய்விடுகிறது என்றான். சுற்றவர எல்லாரும் வெட்டினால் எப்படி நிற்கும் என்று நான் எரிந்து விழுந்தேன். "அதுக்கு நான் என்ன செய்ய அண்ணை, கல்லுப் போட விட்டிருக்கோணுமோ?" என்று கேட்டான்.

விளைச்சல் நன்றாக வந்தது. அவன் சந்தோஷத்தைப் பார்க்க எனக்குக் கோபம் வைத்திருக்க முடியவில்லை. முதல் விளைச்சலில் காணிக்காரருக்கு ஒரு பங்கு போகவேண்டும் என்பது எங்கள் வழக்கம். இங்கே சவுத்தாலில் இருக்கும் தெரிந்த ஒருவர் ஊருக்குப் போயிருந்தார். அவருடைய பெட்டியில் ஒரு சீலைப்பை நிறையச் சோயாவைத் திணித்து அனுப்பிவிட்டான். நான் போய் அதை எடுத்துக்கொண்டு எட்மண்டனுக்குப் போனேன். பை கையில் கனத்தது. ரயிலில் அதைக் கீழே வைக்க மனம் வரவில்லை, மடியில் வைத்திருந்தேன்.

"உனக்கு வேண்டாமெண்டால் சொல்லு, நான் கொண்டுபோறன்," என்றேன் வாசலிலேயே.

அக்கா பையை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். பெரிய தட்டத்தில் கொட்டி, கதிரையில் இருந்து, ஒவ்வொன்றாகக் கல் பார்த்தாள். சின்னச் சின்ன வெளிர்மஞ்சள் மணிகள். தட்டத்தின் அடியில் கொஞ்சம் மண் மிஞ்சியது. அதை ஊதவில்லை, விரலால் ஓரத்துக்கு ஒதுக்கி வைத்தாள். பிறகு இரண்டு கை சோயாவை எடுத்து ஊறப்போட்டாள். வடை சுடப்போகிறாளாக்கும் என்று நினைத்தேன். அடுத்தநாள் எனக்கு வேலை இல்லாதபடியால் அங்கேயே தங்கிவிட்டேன்.

காலையில் அரைக்கிற சத்தம் கேட்டு எழும்பிப் போனேன். அக்கா அரைத்ததை வெள்ளைத் துணியில் போட்டுப் பிழிந்துகொண்டிருந்தாள். கீழே பாத்திரத்தில் பால் இறங்கியது. அவளுடைய பள்ளிக்கூடத்தில் பசும்பால் ஒத்துக்கொள்ளாத பிள்ளைகளுக்குச் சோயாப் பால்தான் கொடுப்பார்களாம். வீட்டில் எப்படிச் செய்வது என்று கூட வேலை செய்கிறவளிடம் கேட்டு வைத்திருந்தாள். அடுப்பில் வைத்து, பொங்காமல் பக்கத்திலேயே நின்று துழாவினாள். ஒரு நுள்ளுச் சீனி போட்டாள்.

பால் காய்ந்ததும் ஒரு சின்ன டம்ளரில் வார்த்தாள். இரண்டு டம்ளருக்கிடையில் மாற்றி மாற்றி ஆற்றினாள். பிறகு புறங்கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தாள்.

"சூடு காணும், வாய் சுடாது," என்றாள்.

சொல்லிவிட்டு டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, யாரிடம் கொடுப்பதென்று தெரியாமல் அடுப்படியிலேயே நின்றாள்.